மஞ்சள் அம்புக்குறியும் மாற்றல் மனுவும்

கொல்லிமலை,
வெள்ளிக்கிழமை, மழை.

அன்பும் பாசமும், இந்த முறை கொஞ்சம் கோபமும் சேர்த்து, மாப்பிள்ளை அருள்மொழிக்கு மச்சான் ஜோசப் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நான் மலைமேலும் உங்கள் அக்கா ஸ்டெல்லா கீழே நாமக்கல்லிலும் தனித்தனியாகச் சுகம். இங்கிலாந்தில் நீங்களும் மழையில் நனையாமல் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். ஜெபம் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் நான் எவ்வளவு திட்டினாலும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறீர்கள். கடிதத்திடம் அந்த வேலை நடக்காது.

எல்லாம் உங்கள் போட்டோவால் வந்த வினை. ஈஸ்டருக்கு ஒன்று அனுப்பினீர்களே, உங்கள் கிராமத்தைச் சுற்றி நடைபாதை, புல்மேடு, நாலு செம்மறியாடு, ஒரு மரக்கட்டையில் மஞ்சள் அம்புக்குறி. "யார் தோட்டத்துக்குள்ளேயும் புகுந்து நடக்கலாம் மச்சான், தோட்டக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார், ஒரு வார்த்தை பேசமாட்டார்" என்று வேறு எழுதியிருந்தீர்கள். பார்த்தோமா, மூடி வைத்தோமா என்று இருந்திருக்கலாம். நான் அதை எங்கள் சுற்றுலா ஆபீஸ் அதிகாரி சுமித்ரா மேடத்திடம் காட்டினேன். ஏன் காட்டினேன்? அவர் மேஜைமேல் என் மாற்றல் மனு கிடக்கிறது. நாமக்கல்லுக்கு மாற்றல் கேட்ட மனு. உங்களுக்கே தெரியும், கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கு ஒரு ஊரில் வேலை, உங்கள் அக்காவுக்கு ஒரு ஊரில் குடித்தனம். நாங்கள் ஏழு நாளும் ஒரே கூரையின் கீழ் இருந்தது அந்த லாக்டவுனில் மட்டும்தான். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அவள் இன்றைக்கும் பெருமூச்சு விடுகிறாள், பாவம். அவள் பக்கத்தில் போய் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லை மாப்பிள்ளை.

மேடம் போட்டோவைப் பார்த்தார். "ஜோசப், இதே மாதிரி நம்ம மலையிலும் ஒண்ணு போடுங்க. நல்லா வந்துச்சுன்னா உங்க மனுவில் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் மறுவேலை" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. திருப்புலி நாட்டில் (இந்த மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் அது ஒரு நாடு) பஸ் நிற்கிற இடத்தில் ஆரம்பித்து, சாமைக்காட்டு வரப்பில் ஏறி, மிளகுத் தோட்டங்களுக்கு நடுவே போய், பள்ளத்தாக்கு தெரிகிற ஒரு பாறையில் முடிகிற மாதிரி வழி பிடித்தேன். காலாற நடந்தால் மத்தியான சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். உங்கள் ஊர் மாதிரியே மரக்கட்டை நட்டு அம்புக்குறி போட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் கட்டையில் ஆடு கட்டியிருந்தது. அதற்கு மறுநாள் ஆடு மட்டும் இருந்தது, கட்டையைக் காணோம். சரி, இந்த ஊரில் யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாதது பலாமரம்தான் என்று, வழியோரம் இருந்த பலாமரங்களில் எல்லாம் மஞ்சள் பெயிண்டால் அம்புக்குறி போட்டுவிட்டு வந்து நிம்மதியாகப் படுத்தேன்.

இங்கே வியாபாரி பலாமரத்தில் காயைப் பேசி முடித்தால் அடிமரத்தில் ஒரு பெயிண்ட் குறி போட்டுவிட்டுப் போவானாம். அப்புறம் அந்த மரத்தில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது. மலையில் இது தெரியாத ஒரே ஜீவன் உங்கள் மச்சான். விடிந்ததும் ஊரே ரெண்டுபட்டுவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் பெண்டாட்டி புருஷனைப் பிடித்துக்கொண்டாள். பெருமாயி என்று ஒரு அம்மா, பாறைக்குப் போகிற வழியில் கடைசி வீடு. அவர் புருஷன் மாதேஸ்வரன் மறுநாள் ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, "சார், நீங்களே வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க சார். எந்த யாவாரிக்கு என் மரத்தைப் பேசி உட்டீங்கன்னு கேக்கறா. நேத்திருந்து அடுப்பே பத்தவைக்கலீங்க" என்று அழாத குறை. போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

"இது யாவாரி குறி இல்லீங்கம்மா, அம்புக்குறி. நடக்க வர்றவங்களுக்கு வழி காட்டறது" என்றேன்.

"எங்க போறதுக்குங்க?"

"அந்தப் பாறைக்கு."

"பாறையில ஆரு இருக்காங்க?"

"யாரும் இல்லீங்க. சும்மா பாத்துட்டு வரலாம்."

பெருமாயி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆருமில்லாத எடத்துக்கு என்னத்துக்குங்க சார் வழி? தண்ணி தவிச்சா பாறையவா கேப்பாங்க? அம்புன்னா அது ஊட்டைத்தான் காட்டோணும்."

மரத்துக் குறியைச் சுரண்டிக்கொள்ளுங்கள், பாறாங்கல்லில் போட்டுக்கொள்ளலாம் என்று மிச்சப் பெயிண்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று. அந்த அம்மா மரத்தைச் சுரண்டிவிட்டு, கல்லில் தன் வீட்டைப் பார்த்து அம்பு போட்டுவிட்டார். அவங்க வீட்டுக்கு மட்டும் விருந்தாளி வருவாங்களா, நம்ம வீடு என்ன இளப்பமா என்று அடுத்த வீடு டப்பாவை வாங்கிப் போட்டது. டப்பா ஊர் முழுக்கச் சுற்றியது. எனக்கு ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை.

மேடம் பார்வையிட வந்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எனக்கு ஒரு பலமாக இருக்கட்டும் என்று ஸ்டெல்லாவையும் கூப்பிட்டிருந்தேன். மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். முதல் அம்புக்குறி நேராக ஒரு வாசலில் போய் நின்றது. "வாங்க சாமி, வாங்க கண்ணு" என்று பாய் விரித்து, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு. வேண்டாம் என்றால், "ஏனுங்க, எங்க ஊட்டுது ஆகாதுங்களா?" என்று முகம் வாடுகிறது. தின்றோம். அடுத்த அம்பு, அடுத்த வாசல், பலாச்சுளை. அதற்கடுத்து மலைவாழைப்பழம். அதற்கடுத்து மறுபடியும் கிழங்கு. உங்கள் ஊர்த் தோட்டக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போவாரே, அந்த மகராசனை நினைத்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெருமாயி வீட்டில் சாமைச்சோறும் கோழிக்குழம்பும் மிளகு ரசமும். அதோடு மேடம் கட்டிலில் சாய்ந்துவிட்டார். பாறை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இன்றுவரை எந்த அதிகாரியும் அதைப் பார்க்கவில்லை.

மனு போச்சு என்று நான் வாசலில் நின்று அழாத குறை. உள்ளே ஸ்டெல்லா மேடத்தின் கால்மாட்டில் உட்கார்ந்து வெகுநேரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். எனக்காக எப்படியெல்லாம் உருகிக் கெஞ்சினாளோ! சாயங்காலம் மேடம் எழுந்து வந்து, "ஜோசப், இப்படி ஒரு நடைபாதையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பாறை கிடக்கட்டும். பெரக்கரை நாட்டிலும் நீங்கதான் போடணும். உங்களுக்கு மலைன்னா உயிராமே, சொல்லவே இல்லையே! இன்னும் ரெண்டு வருஷம் உங்களை இங்கிருந்து விடறதா இல்லை" என்றார். யார் அப்படிக் கதை கட்டினார்கள் என்றே தெரியவில்லை. மாதேஸ்வரன்மேல் எனக்குச் சந்தேகம். அதைக் கேட்டதும் என் ஸ்டெல்லா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் ரெண்டும் குலுங்கியது. அவள் அப்படி உடைந்து நான் பார்த்ததே இல்லை மாப்பிள்ளை. மனசு தாங்கவில்லை.

ஆகையால் தயவுசெய்து இனிமேல் புல், ஆடு, அம்புக்குறி எந்தப் போட்டோவும் அனுப்ப வேண்டாம். முடிந்தால் மேடத்துக்கு ஒரு மெயில் போட்டு, இங்கிலாந்தில் அம்புக்குறி யார் வீட்டு அடுப்படிக்கும் போகாது, ஜோசப் போட்டது நடைபாதையே அல்ல என்று எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் அக்காவின் கண்ணீருக்காகக் கேட்கிறேன். உங்கள் குடும்பத்தை ஆண்டவர் எல்லாத் தீங்குக்கும், முக்கியமாக விருந்துக்கும் விலக்கிக் காப்பாராக. நாளைக்குக் கீழே இறங்கும்போது இதை ஸ்டெல்லாவிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மலையிலேயே கிடக்கும் மச்சான்,
ஜோசப்.

பின்குறிப்பு: தம்பி அருளு, அக்கா எழுதறேன். கவரை ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு வரி. மலைன்னா அவருக்கு உயிருன்னு மேடத்துகிட்டச் சொன்னது நான்தான். மாதேஸ்வரன் பாவம், அவர் ஒண்ணும் சொல்லலை. முந்தானைக்குள்ள நான் சிரிச்சுட்டிருந்தேன். லாக்டவுன்ல உங்க மச்சான் ஏழு நாளும் ஊட்டுல இருந்து, அடுப்படி டப்பாவுக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டி, எனக்கே ரசம் வைக்கச் சொல்லிக் குடுத்தாரு. சனிக்கிழமை பலாப்பழத்தைத் தோள்ல தூக்கிட்டு வர்றாரே, அந்த மனுசன் தங்கம்டா. பஸ் வர்ற நேரத்துக்கு வாசல்லயே நிக்கறேன், நெசமாத்தான். திங்கக்கிழமை முதல் பஸ்ஸுக்கும் நானே எழுப்பி விடறேன். மெயில் கியில் எதுவும் போட்டுறாதே. உங்க ஊர்ல வேலிமேல படி வெச்சு ஏறி இறங்குவாங்களே, அந்தப் போட்டோ இருந்தா மேடம் நம்பருக்கு அனுப்பு. அதை இவர் மலையில போட்டு முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்.