மெயின் சுவிட்சுக்கும் ஒரு பொட்டு

வேலை கொடுக்கிறவரும் வேலை தேடுகிறவரும் ஒருவரை ஒருவர் கொஞ்சம் ஏமாற்றிக்கொண்டால்தான் புதுக் கம்பெனி என்று ஒன்று பிறக்கும். "பெரிய ப்ராஜெக்ட் கையில இருக்கு" என்றார் சம்பத் சார். "எனக்கு லினக்ஸ் நல்லா தெரியும்" என்றேன் நான். அவர் கையில் இருந்தது ஒரு விசிட்டிங் கார்டு. என் கையில் இருந்தது ஒரு புத்தகம், அதிலும் முன்னுரை வரை படித்திருந்தேன்.

டாட்காம் கம்பெனிகள் வரிசையாகக் கடையைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் பெரிய கம்பெனிகளே ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தபோது, சம்பத் சார் ஒரு தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வாங்கி, வந்ததை எல்லாம் போட்டு அடுகோடியில் கம்பெனி தொடங்கினார். கம்பெனி என்றால் மாடியில் அவர் வீட்டின் முன்னறை. கீழே லேத் பட்டறை. லேத் ஓடினால் என் நாற்காலி தானாக நகரும். ஊழியர் நான் ஒருத்தி, கம்ப்யூட்டர் ஒன்று. (இரண்டு பேரில் கம்ப்யூட்டருக்குத்தான் ஃபேன் உண்டு.)

வாடிக்கையாளரும் ஒருவர்தான். நகரத்தில் பல இடங்களில் சவுல்ட்ரி வைத்திருந்தவர். கல்யாண மண்டபத்துக்கு பெங்களூரில் அதுதான் பெயர். அந்த மண்டபங்களை வீட்டிலிருந்தபடியே பதிவு செய்ய ஒரு வெப்சைட். மாதக்கணக்கில் உட்கார்ந்து அதை நான் முடித்துவிட்டேன். முகூர்த்த நாளெல்லாம் சிவப்பில் தெரியும், சமையலறை வாடகை தனியாக வரும். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் உருப்படியான காரியம் அது.

அந்த நேரம் பார்த்து மனிதர் ஒரு நிபந்தனை போட்டார். அவருக்குத் தெரிந்த ஆபீஸ் ஒன்றில் திருட்டு சாஃப்ட்வேர் என்று ரெய்டு வந்துவிட்டதாம். எங்களிடம் எல்லாம் சட்டப்படி இருக்க வேண்டும் என்றார். எங்கள் கம்ப்யூட்டரில், விண்டோஸ் உட்பட, கீபோர்டைத் தவிர வேறு எதுவும் சட்டப்படி வந்ததில்லை.

"லினக்ஸ் ஃப்ரீதானேம்மா, மாத்திடு" என்றார் சம்பத் சார். "விஜயதசமி அன்னைக்கு வந்து பார்க்கறேன்னு சொல்லியிருக்கார். அவர் சரின்னுட்டா ஓடிடும். இல்லைன்னா இந்த வீட்டை வித்துதான் ஆகணும், வேற வழி இல்லை."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ரெண்டே நாள் சார்" என்றேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்த தோழி ஒருத்தி லினக்ஸை டவுன்லோட் செய்து சிடிகளில் எரித்துக் கொடுத்தாள். பாதி ஓடாது. ஓடியவை, கறுப்புத் திரையில் ஏதோ எழுதிவிட்டு நின்றுவிடும். கெட்டுப்போன சிடிகளை எல்லாம் சம்பத் சாரின் மனைவி சரோஜா அக்காவிடம் கொடுத்துவிடுவேன். மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் காக்கா விரட்டக் கட்டினார். காபி டம்ளருக்கு அடியில் வைத்தார். "பளபளன்னு இருக்கு, சும்னே வீசறதுக்கு மனசு வரலை" என்பார். என் தோல்விகள் அந்த வீட்டில் புழங்காத இடமே இல்லை.

கடைசியில் வழி தெரிந்தது. ஹார்ட் டிஸ்கில் இருந்ததைச் சுருக்கி ஒரு பக்கமாக ஒதுக்கி, மீதி இடத்தில் லினக்ஸ் போட வேண்டும். சுருக்கும்போது நடுவில் நின்றால் எல்லாம் போய்விடும் என்று திரையே பெரிய எழுத்தில் எச்சரித்தது. அதற்கு நான் பயந்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். வெப்சைட் முழுவதையும் ஒரு சிடியில் காப்பி எடுத்து, மேசை மேல் வைத்தேன். (அதன் மேல் பெயர் எழுத மார்க்கர் இல்லை. வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.)

அன்று ஆயுத பூஜை. ராகு காலத்துக்கு முன்பே முடிக்க வேண்டும் என்று பூஜையைக் காலையிலேயே வைத்துவிட்டார்கள். விடிந்ததும் நான் ஆரம்பித்திருந்த சுருக்கும் வேலை பாதி தூரம்கூடப் போகவில்லை. அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"மிஷினை ஆஃப் பண்ணிட்டியாம்மா? ஓடறதுக்குப் பூஜை போடக் கூடாது. இன்னைக்கு ஒரு நாளாச்சும் அதுக்கு ரெஸ்ட் கொடு."

நான் மானிட்டரை மட்டும் அணைத்தேன். திரை கறுத்தது. "பண்ணிட்டேன்க்கா."

சிபியூவுக்கு சந்தனம், குங்குமம், செவ்வந்திச் சரம் எல்லாம் ஆயிற்று. உள்ளே டிஸ்க் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதை மறைக்க மணியை வாங்கி நானே பலமாக ஆட்டினேன். என் பக்தியைப் பார்த்து சம்பத் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

பட்டறைக்காரர்களுக்கு மின்சாரமும் ஓர் ஆயுதம் என்பது எனக்குத் தெரியாது. கட்டடம் முழுவதற்கும் ஒரே மெயின் போர்டு, கீழே அவர்களிடம் இருந்தது. அதற்கும் பொட்டு வைக்க வேண்டும், ஈரக் கையோடு வைப்பதால் முதலில் அணைக்க வேண்டும். அணைத்தார்கள். எங்கள் யூபிஎஸ் உடனே வீல் வீலென்று கத்த ஆரம்பித்தது.

சொல்லியிருக்கலாம். "அக்கா, அதைத் தொடாதீங்க, மிஷின் ஓடுது" என்று ஐந்து வார்த்தை. ஆஃப் பண்ணிவிட்டேன் என்று சொன்ன வாய், மணியோடு நின்றது.

"கற்பூரம் காட்டற நேரத்துல என்னது இது பேஜார்" என்று அக்கா குனிந்து யூபிஎஸ்ஸை அணைத்தார். கரகரப்பு நின்றது. நல்ல நிசப்தத்தில் தீபாராதனை நடந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சம்பத் சார் பட்டறைக்குப் பொரி கொடுக்கக் கீழே இறங்கியதும் மெயின் வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டேன். டிஸ்கில் ஒன்றும் இல்லை. பரவாயில்லை, காப்பி இருக்கிறதே என்று மேசையைப் பார்த்தேன். சிடி இல்லை. பூஜைத் தட்டில் இருந்தது. கற்பூரத் தட்டு கிடைக்காமல் அக்கா அதன் மேல்தான் கற்பூரம் ஏற்றியிருக்கிறார். நடுவில் உருகிக் குழிந்து, கறுத்துப்போயிருந்தது.

நான் அதைப் பார்ப்பதை அக்கா பார்த்தார். "இது கெட்டுப்போனதுதானே?" என்றார். நான் காலி மேசையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிவிட்டது. படிச்சத்தம் கேட்டதும் அந்த சிடியை ஒரு செய்தித்தாளுக்கு அடியில் தள்ளினார்.

வந்த சம்பத் சார் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "காப்பி இருக்காம்மா?"

அக்காவின் கை முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தது. புருஷனின் மொத்த உழைப்பையும் தன் கையாலேயே எரித்துவிட்டோம் என்று அந்த நிமிடம்தான் அவருக்கு உறைக்கிறது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"இல்லை சார். நான் எடுக்கவே இல்லை."

காலி டிஸ்கில் லினக்ஸ் அன்று மதியமே அழகாக ஏறிவிட்டது. இத்தனை நாள் வழியை மறித்துக்கொண்டிருந்தது என் வெப்சைட்தான் போலிருக்கிறது. மறுநாள் விஜயதசமிக்கு மண்டபக்காரர் பட்டு வேட்டியில் வந்தார். திரையில், 'உங்கள் சர்வர் வெற்றிகரமாக இயங்குகிறது' என்று சர்வரோடு சேர்ந்து வரும் மாதிரிப் பக்கம் மட்டும் இருந்தது.

"சவுல்ட்ரி எல்லி?" மண்டபம் எங்கே என்று கேட்டார்.

"வரும் சார், ஸ்வல்ப டைம்" என்றார் சம்பத் சார். நல்ல நாளும் அதுவுமாக வெறும் பக்கத்தைக் காட்டினால் யார்தான் கையெழுத்துப் போடுவார்கள். மண்டபக்காரர் காபியைத் தொடாமல் எழுந்து போனார்.

வீடு போய்விட்டது. சம்பத் சார் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் பார்க்கப் போனார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

சில வருடங்கள் கழித்து, அவர்களை நலம் விசாரிக்கப் போன இடத்தில் சரோஜா அக்காவின் தம்பியையே கட்டிக்கொண்டேன். (அது தனிக் கதை. அதற்கும் பேக்கப் இல்லை.) அன்றிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சொந்தக்காரர்கள் கூடியதும் சம்பத் சார் ஆரம்பித்துவிடுவார். காப்பி எடுக்காத இஞ்சினியர், மானிட்டரை அணைத்த மகராசி. மணி அடித்ததை நடித்தே காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு வருடா வருடம் பற்றிக்கொண்டு வரும்.

போன பூஜையில் வண்டிகளுக்குப் பொட்டு வைக்க நானும் சம்பத் சாரும் கீழே இறங்கினோம். ஸ்கூட்டர் விளக்கைத் துடைத்தபடி அவர் சொன்னார்.

"அந்த சிடியை அன்னைக்கு சாயங்காலமே பார்த்துட்டேன்மா. பேப்பருக்கு அடியில இருந்துச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. "அப்புறம் ஏன் சார் வருஷா வருஷம் என்னை இழுக்கறீங்க?"

"யார் மேலயாச்சும் போட்டுத்தானே ஆகணும். உனக்கு வேற வேலை கிடைச்சுடும், தாங்கிக்குவே. அவ தாங்க மாட்டா." சந்தனத்தைக் குழைத்துக்கொண்டே, "அவளுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

மேலே போனதும் மறுபடி அந்தக் கதையை எடுத்தார். அந்த வருடம் குடும்பத்துக்கு வந்திருந்த புது மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நிஜமாவே காப்பி எடுக்கலையா ஆன்ட்டி?"

பொரி பரிமாறிக்கொண்டிருந்த சரோஜா அக்காவின் கை நின்றது. சம்பத் சார் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"எடுக்கலைம்மா" என்றேன்.