மங்கையர்க்கரசி மல்லாந்து பறந்த கதை

ஒரு காட்டில், ஏரியை ஒட்டினாற்போல, மங்கையர்க்கரசி என்று ஓர் ஆமை இருந்தாள். நாலு அடி நடக்கவே அரை நாள் ஆகும். ஆனால் பறக்க வேண்டும் என்ற பைத்தியம் மட்டும் தலைக்கு ஏறியிருந்தது.

அந்தக் காட்டில் பறப்போர் சங்கம் என்று ஒன்று உண்டு. அதில் சேர மூன்று முறை விண்ணப்பித்தாள். மூன்றும் திரும்பி வந்துவிட்டன. நாலாவதும் தவறினால் ஆயுசுக்கும் சேர முடியாது. ஆமையின் ஆயுசு என்ன கொஞ்சமா!

விதியைத் துருவித் துருவிப் படித்தாள். ‘தானாகவோ, தன் சாதனத்தாலோ மூன்று நிமிடம் வானில் இருக்க வேண்டும்’ என்று இருந்தது. அந்த ‘சாதனத்தாலோ’வைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ரிமோட்டில் ஓட்டும் ஒரு குட்டி விமானம், கிளைடர், செய்தாள்.

றெக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால் கிளைடர் சாயாமல் நிற்க வேண்டும். வால் தொங்கியது. மூக்கில் களிமண் வைத்தாள். மூக்கு தொங்கியது. கொஞ்சம் கிள்ளி எடுத்தாள். மறுபடி வால். பதினோரு நாள் இதே பிழைப்பு. பன்னிரண்டாம் நாள் அசையாமல் நின்றது பாருங்கள், சந்தோஷத்தில் அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

இனி ரிமோட்டை டியூன் செய்ய வேண்டும். காட்டுக்கு ஒரே மெக்கானிக், வௌவால் பிச்சாண்டி.

“ரிமோட் குச்சிய மேல தள்ளினா மேல போகணும், கீழ தள்ளினா கீழ வரணும். அவ்வளவுதானே அக்கா? விடுங்க,” என்றான். கிளையில் தொங்கியபடியே வேலையை முடித்தான். தொங்கியபடியே சோதித்துப் பார்த்து, திருப்தியோடு கொடுத்தான்.

சோதனை நாளன்று சங்கச் செயலாளர் வந்தார். அவர் ஒரு காட்டுக்கோழி. வேலியைத் தாண்டினாலே மூச்சு வாங்குபவர்.

“சீக்கிரம் ஆகட்டும்மா. அடைகாக்கப் போகணும்,” என்றார்.

பிச்சாண்டி மேட்டிலிருந்து கிளைடரை வீசினான். மங்கையர்க்கரசி குச்சியை மேலே தள்ளினாள். கிளைடர் கீழே பாய்ந்தது. இன்னும் அழுத்தித் தள்ளினாள். இன்னும் வேகமாகப் பாய்ந்தது!

“ஐயோ, போச்சே!” என்று பதறிப் பின்வாங்கியவள் கல் தடுக்கி மல்லாந்து விழுந்தாள். ஓடு தரையில், நாலு காலும் ஆகாயத்தில். ரிமோட்டும் அவளோடு தலைகீழ். ஆனாலும் குச்சியை விடவில்லை. வானம் தெரிந்த பக்கமாக ஒரே தள்ளு!

புல்லை உரசப்போன கிளைடர் ஜிவ்வென்று எழும்பியது. மரத்துக்கு மேலே, பருந்துக்கும் மேலே, ஒரு வட்டம், இரண்டு வட்டம்! அவள் கிடந்த கிடையில் கெக்கலி கொட்டிச் சிரித்தாள். மூன்று நிமிடம் தாண்டி, ஐந்தும் ஆயிற்று.

“பாத்தீங்களா அக்கா? செட்டிங் பக்கா. இத்தனை நாளா நீங்கதான் தப்பா நின்னுட்டிருந்தீங்க,” என்றான் பிச்சாண்டி.

“ஆமாப்பா, என் தப்புதான்,” என்று மங்கையர்க்கரசி காலை உதைத்துக்கொண்டே ஆனந்தக் கண்ணீர் விட்டாள். உறுப்பினர் அட்டையை அவள் வயிற்றின் மேல் வைத்த கோழி, விதிப்புத்தகத்திலும் ஒரு வரி சேர்த்தார்: ‘விண்ணப்பிப்பவர் மல்லாந்து கிடக்க வேண்டும்.’

மறுநாள் காலை சங்க வாசலில், விண்ணப்பமும் கையுமாக, ஒரு யானை மல்லாந்து கிடந்தது.

நீதி: மெக்கானிக் தலைகீழாகத் தொங்குகிற ஊரில், நேராக நிற்பதுதான் கோளாறு.