தோல் இல்லாத மோட்டாரும் ஒன்பது சுற்றும்

எனக்குப் படம் வரைய வரும். எல்லா வினையும் அதனால் வந்ததுதான்.

அம்பாசமுத்திரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். ஒரு குடத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைகிறவனுக்கு, ஒரு மோட்டாரைப் பார்த்து அச்சு அசலாகப் பூட்டத் தெரியாதா என்று இருபத்து நாலு வயதில் நினைத்தேன். குடம் வரைகிற உனக்குக் குடம் வனையத் தெரியுமாலே என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் காதில் வாங்கியிருக்க மாட்டேன். அப்பேர்ப்பட்ட மண்டைக்கனம்.

ஐரோப்பாவில் யுத்தம் ஆரம்பித்ததே, அதற்கு முந்தின தை மாதம் எனக்குக் கல்யாணம். பெண் ஆழ்வார்குறிச்சி. பெயர் கோமதி. பெண் பார்க்கப் போன அன்றைக்கு, காப்பி டம்ளரை வாங்கின கையோடு, "மாப்பிள்ளை அழைப்புக்கு மோட்டார்லதான் வருவேன்" என்று மாமனாரிடம் சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. என் வாய்தான் தானாகச் சொல்லிற்று. கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்த சத்தம் கேட்டது. அது அவள்தான் என்று நினைத்துக்கொண்டு ஊர் வரைக்கும் மிதந்தபடி வந்தேன்.

மாமனார் சிரிக்கவில்லை. பஞ்சாங்கத்தை மடியில் கட்டிக்கொண்டு தூங்குகிற மனுஷர் அவர். "மோட்டார்ல வாங்க, மாட்டு வண்டில வாங்க. ஏழரைக்கு மேல ஒம்பதுக்குள்ள முகூர்த்தம். ஒம்பது தாண்டிட்டுன்னா எங்க அக்கா மகன் பந்தல்லயே நிப்பான். முறை அவனுக்குத்தான் முதல்ல" என்றார். அந்த அக்கா மகனும் பக்கத்திலேயே உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தான். ஆள் என்னைவிட நல்ல நிறம்.

என்னிடம் மோட்டார் இருந்தது. அதாவது, மோட்டாரின் உடம்பு இருந்தது. பெரிய இன்ஜினீயர் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பிரான்சு தேசத்து வண்டி. ஏழெட்டு வருஷம் மாமரத்தடியில் மழையில் கிடந்து, உள்ளே கோழி அடைகாத்த வண்டி. ஏலத்தில் என்னைத் தவிர யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு ஜோடி மாட்டை வைத்து இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டுத் தொழுவத்தில் விட்டேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதால் வேறு இடம் இல்லை. ஒரு பக்கம் மோட்டார், ஒரு பக்கம் எங்கள் பசு லெச்சுமி. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

தேவசகாயம் அண்ணாச்சி பாளையங்கோட்டையிலிருந்து வந்து எங்கள் வீட்டிலேயே தங்கி வேலை பார்த்தார். அச்சு இயந்திரம், தையல் மிஷின், சுவர்க்கடிகாரம், எது மக்கர் பண்ணினாலும் அந்தக் காலத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கார்த்திகை முழுக்க அவர் கழற்றினார், நான் படம் வரைந்தேன். (உதவி செய்தேன் என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன். இல்லை. படம்தான் வரைந்தேன்.) மார்கழி பிறந்ததும் ஒரு காலையில், பல் கிட்டுகிற குளிரில், வெந்நீர் ஊற்றிக் கைப்பிடியைச் சுற்றினார் அண்ணாச்சி. வண்டி இருமிற்று, தும்மிற்று, பிறகு ஓடிற்று. லெச்சுமி கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள். நானும் அண்ணாச்சியும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

ஆற்றுச் சாலை வரை ஓட்டிப் பார்த்தோம். நின்றது, போயிற்று, திரும்பிற்று. "இனி இந்தக் கிளச்சை மட்டும் ஒருக்க அவுத்துத் துடைச்சிருவோம்" என்று அதைக் கழற்றிச் சாக்கில் பரப்பி வைத்துவிட்டு அண்ணாச்சி கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனார். போகும்போது என் தோளைத் தொட்டு, "அந்தத் தோலு பத்திரம்வே. இஞ்சினையும் சக்கரத்தையும் சேக்கிறதும் பிரிக்கிறதும் அதுதான். பிரேக்குலயும் அதுதான் பிடிக்கும். தோலுதான் வண்டிக்கு உசிரு" என்றார்.

இனிமேல்தான் என் சித்திரத் திறமை வேலை செய்தது. சும்மா இருக்க முடியாமல், மோட்டாரின் உள்ளுறுப்பு எல்லாவற்றையும் பெரிய தாளில் வர்ணம் தீட்டிச் சுவரில் ஒட்டினேன். இரும்புக்கு நீலம், பித்தளைக்கு மஞ்சள். அம்மா சாணி அள்ள வந்தவள் படத்தைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குலே. இந்தப் பழுப்பு என்னது?"

பெருமையோடு சொன்னேன். "தோலும்மா. மாட்டுத் தோலு."

அம்மா கூடையைக் கீழே வைத்தாள். உட்காருகிற மெத்தையின் தோலை அவள் முன்பே உரித்துப் போடச் செய்து, பத்தமடைப் பாயைத் தைக்க வைத்திருந்தாள். உள்ளேயும் தோல் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"லெச்சுமி நிக்கித தொழுவுல அவ தோலையே கொண்டாந்து போட்டிருக்கியே. வாயில்லாச் சீவன் தினமும் இதைப் பாத்துக்கிட்டே அசை போடணுமாக்கும்?"

"இந்த ஊரு மாடு இல்லம்மா. பிரான்சு மாடு."

"எந்த ஊரா இருந்தா என்ன. சைவ வீட்டுக் கல்யாணத்துக்கு மாட்டுத் தோலு மேல ஏறியா போவ?"

நான் கோயிலுக்குப் போய் மார்கழிப் பொங்கலைத் தின்றுவிட்டுத் திரும்புவதற்குள் சாக்கு காலியாக இருந்தது. பிரேக்கிலிருந்த தோலையும் உருவியிருந்தாள். எங்கே என்று கேட்டால் சாணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதே அண்ணாச்சிக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கலாம். போடவில்லை. ஒரு தோலைக் காப்பாற்றத் துப்பில்லாதவன் என்று நினைப்பாரே என்ற வெட்கம். மிச்சமிருந்த பத்தமடைப் பாயைத் தோலின் அளவுக்கே வெட்டி, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, கிளச்சிலும் பிரேக்கிலும் ஒட்டிவிட்டேன். பார்வைக்கு அருமையாக இருந்தது. ஓரத்தில் சிவப்புக் கரைகூட வந்திருந்தது. அண்ணாச்சி கேக்கோடு திரும்பி வந்து, "எல்லாம் பூட்டியாச்சா?" என்றார். "ஆச்சு அண்ணாச்சி" என்றேன். மேலே மூடியும் போட்டாகிவிட்டதால் அவர் திறந்து பார்க்கவில்லை. ஓட்டிப் பார்க்கலாம் என்றதற்கு அம்மா விடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மறுபடி தெருவில் இறக்கினால் கண் பட்டுவிடுமாம். அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று.

கல்யாண நாள். அப்பாவும் அண்ணாச்சியும் மற்றவர்களும் சீர்த்தட்டுகளோடு வில்வண்டிகளில் முதலிலேயே போய்விட்டார்கள். நானும் அம்மாவும்தான் மோட்டாரில். அம்மாவும் தெருப் பெண்களும் வண்டியை வாழைக்கன்றும் மாவிலையுமாக ஜோடித்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு மரப்பெட்டி உண்டு. அதில்தான் இஞ்சினை அணைக்கிற திருகு. மொட்டைப் பெட்டி பார்க்க நன்றாக இல்லை என்று அதன் மேல் சேலைத் துண்டைப் போர்த்தி, பத்து முழம் கதம்பத்தைச் சுற்றி, வாழைநாரால் இறுக்கிக் கட்டியிருந்தாள் அம்மா. அவள் போட்ட முடிச்சை அவளே அவிழ்த்து நான் பார்த்ததில்லை.

குளிரில் வண்டி கிளம்ப ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆனால் கிளம்பின பிறகு என்ன அழகாகப் போயிற்று தெரியுமா. இரண்டு பக்கமும் பிசானப் பயிர் பச்சைப் பசேலென்று. களை பறித்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆறேழு மைலும் ஒரே சீர். வழியில் நிறுத்தத் தேவையே வரவில்லை. கொஞ்சம் பாய் கருகுகிற வாசனை மட்டும் வந்தது. "சாம்பிராணி மாதிரி மணக்கே" என்றாள் அம்மா.

ஆழ்வார்குறிச்சியில் கோயிலைச் சுற்றித் தேரோடும் வீதி நாலு. அதில் கீழ வீதியில் பெண் வீடு. பந்தல் வாசலில் நாகசுரம் முழங்குகிறது. மாமனார் மாலையோடு நிற்கிறார். ஒரு அத்தை ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். மாடி ஜன்னலில் பட்டுச்சேலை ஒன்று. மணி எட்டேகால்.

கிளச்சை மிதித்தேன். பசை சூட்டில் இறுகி இரும்போடு இரும்பாகப் பிடித்திருந்தது. பிரேக்கை இழுத்தேன். சாம்பல் பறந்தது. கியர் கம்பியும் அந்த இறுக்கத்தில் அசையவில்லை. வண்டி மாமனாரைத் தாண்டிப் போயிற்று.

"ஏலே, பொண்ணு வீடு போயிட்டுல்லா" என்றாள் அம்மா.

"தெரியுதும்மா."

வேறு வழியில்லாமல் தெற்கு வீதியில் திருப்பி, மேல வீதி, வடக்கு வீதி சுற்றி மறுபடி கீழ வீதிக்கு வந்தேன். நாகசுரம் மறுபடி முழங்கிற்று. மறுபடி தாண்டினேன். கோயில் வாசலில் இருந்த பெரியவர்கள், "சாமியை மூணு சுத்து சுத்தாம இறங்க மாட்டாராம். மாப்பிள்ளைன்னா இப்படில்லா இருக்கணும்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டு, பக்தி முகத்தோடு இரண்டு சுற்று சமாளித்தேன். நாலாவது சுற்றில் பக்தி எடுபடவில்லை. மாமனார் மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்துவிட்டார்.

ஜட்காவைவிடச் சற்று வேகம்தான். நான் குதித்திருப்பேன். பின்னால் அம்மா இருக்கிறாளே.

ஐந்தாம் சுற்றில் தேவசகாயம் அண்ணாச்சி கூடவே ஓடி வந்தார். ஐம்பது வயசு, கொஞ்சம் தொந்தி. ஒரு வீதிக்கு மேல் ஓட முடியாது. அதனால் எங்கள் பேச்சு, சுற்றுக்கு ஒரு பகுதியாக நடந்தது.

"தோலு என்னவே ஆச்சு?" இது ஐந்தாம் சுற்று.

"இல்லை அண்ணாச்சி. பாய் வச்சு ஒட்டியிருக்கேன்." ஆறாம் சுற்று. அவர் அப்படியே நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

ஏழாம் சுற்றில் எழுந்து ஓடி வந்து, "பெட்டித் திருகைத் திருப்பும்வே" என்றார்.

ஒரு கையால் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஒரு கையால் பூவைப் பிய்த்தேன். முடிச்சு அசையவில்லை. பூதான் வந்தது. பிய்த்த பூவை எல்லாம் காற்று வீதியில் இறைத்தது. ஜனங்கள் மாப்பிள்ளை பூத் தூவிக்கொண்டு வருகிறார் என்று கைதட்டினார்கள். பந்தலில் அக்கா மகன் நெற்றியில் புதிதாகத் திருநீறு பூசிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நிஜம். ஒவ்வொரு சுற்றிலும் மாடி ஜன்னலைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். எட்டாம் சுற்றில் ஜன்னல் காலியாக இருந்தது. சரி, தீர்ந்தது, அவளும் வெறுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் சுற்று. மணி ஒன்பதாக இன்னும் பத்து நிமிஷம். கல்யாணப் பெண் மாலையும் கழுத்துமாக, பந்தலைவிட்டு வெளியே வந்து, தெருவில் நிற்கிறாள். ஊரே வாய் பிளந்து நிற்கிறது. என்னைப் பார்த்துக் கையை நீட்டி, வீட்டை ஒட்டின சந்துப் பக்கம் காட்டி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"வைக்கப்படப்பு!"

என் பெண்டாட்டி என்னிடம் பேசின முதல் வார்த்தை அதுதான்.

சந்தில் திருப்பினேன். சந்து முடிகிற இடத்தில் களம். களத்தில், கார் அறுப்பு வைக்கோல் எல்லாம் சேர்த்து மாமனார் போராகக் குவித்து வைத்திருந்த படப்பு, வீட்டு உயரத்துக்கு. கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் போனேன். உலகமே இருட்டாகிவிட்டது. இஞ்சின் நாலு தடவை தும்மி, அடங்கிற்று. எங்கும் ஒரே அமைதி.

"சங்கரா, இறங்கலாமா?" என்று பின்னாலிருந்து அம்மா கேட்டாள்.

என் காலைப் பிடித்து வெளியே இழுத்தது யார் என்கிறீர்கள்? அந்த அக்கா மகன்தான். நல்ல மனுஷன், பாவம். மூச்சு வாங்க வந்து சேர்ந்த அண்ணாச்சி அம்மாவிடம், "அந்தத் தோலை எங்க போட்டிய?" என்றார்.

"போடுவேனா? மஞ்சத் துணியில சுத்தி, தென்னை மூட்டுல குழி தோண்டி, பால் ஊத்திப் புதைச்சாச்சு. எந்தத் தேசத்து மாடுன்னாலும் செய்யுததைச் செய்யணும்லா" என்றாள் அம்மா. பிறகு கொண்டையிலிருந்து வைக்கோலை உருவிக்கொண்டே, "தோலு இல்லாம ஓடாதுன்னு சொன்னீய. ஒம்பது சுத்து ஓடிட்டே" என்றாள். அண்ணாச்சி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

ஒன்பதுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது தாலி கட்டினேன். தலை குனிந்தபோது என் தலையிலிருந்து வைக்கோல் உதிர்ந்து அவள் மடியில் விழுந்தது. அவள் தோள் குலுங்கிற்று. அழுகிறாள் என்று பெண்கள் எல்லாம் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு மட்டும் கேட்டது. கதவுக்குப் பின்னால் கேட்ட அதே சிரிப்பு.

வருஷங்கள் கழித்து ஒரு நாள் கேட்டேன். "பத்து நிமிஷம் சும்மா நின்னிருந்தா உனக்கு அழகான மாப்பிள்ளை கிடைச்சிருப்பான். எதுக்கு வெளிய வந்து கத்தின?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள். "அத்தான் பந்தல்ல நின்ன நேரம் பூரா கண்ணாடியைப் பாத்துக்கிட்டு நின்னாக. நீங்க சுத்துக்குச் சுத்து என்னையப் பாத்தீய, கடைசில அழுதுட்டீய. சுவத்துல கொண்டு மோதிருவீயளோன்னு பயமாப் போச்சு."

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது தலைகால் தெரியாமல் எதிலாவது இறங்கினால், பேரன் பேத்திகள் முதற்கொண்டு அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வார்கள். போன வாரம், சாயங்காலம், ஒரு சிநேகிதரோடு வரிந்துகட்டி ஏதோ தர்க்கம் பண்ணிக்கொண்டே நடந்து, என் வீட்டையே தாண்டிப் போய்விட்டேன். உள்ளேயிருந்து கோமதியின் குரல் வந்தது, உரக்கக்கூட இல்லை, பைய.

"வைக்கப்படப்பு."

நின்றுவிட்டேன்.