கருந்துளையும் கோயில் ஒலிபெருக்கியும்

விளங்காத விசயத்தை ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திப் பேசினால், கேட்பவர்கள் அதை ஞானம் என்று நினைத்துவிடுவார்கள். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் ஊர் முழுவதையும் முழங்காலில் இருக்க வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கொரோனாவுக்காகப் பல்கலைக்கழகத்தைப் பூட்டி, எங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்த காலம் அது. நான் பௌதிகவியல் சிறப்புப் பட்டத்தின் கடைசி வருடத்தில் இருந்தேன். அதில் ஒரு கருத்தரங்குப் பாடம். கோட்பாட்டுப் பௌதிகவியலில் புதிதாக வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து வாசித்து, விளங்கி, மற்றவர்களுக்கும் விளங்கப்படுத்த வேண்டும். (இந்த மூன்றில் வாசிப்பது மட்டும்தான் என் கைவசம் இருந்தது.) நான் எடுத்தது கருந்துளை. அதற்குள் விழுந்த பொருளைப் பற்றிய தகவல் அழிந்துபோகிறதா, எப்படியாவது வெளியே வருகிறதா என்பது கேள்வி.

முதல் தடவை பேசியபோது பேராசிரியர் பாதியில் நிறுத்தினார். "ஐசே, பஸ்ஸுக்கு ஓடுற மாதிரிப் பேசுறீர். ஒருக்கால் திரும்பச் செய்யும்" என்றார். இரண்டாவது தடவையும் கோட்டை விட்டால் சிறப்புப் பட்டம் இல்லை. இதைக் கேட்ட அன்றே அம்மா, நான் பாஸ் பண்ணினால் மடு மாதாவிடம் நடந்தே வருவதாக நேர்த்தி வைத்துவிட்டார்.

நான் குரலைத் திருத்தத் தொடங்கினேன். விசயத்தைத் திருத்துவதைவிட அது சுகமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை மனதில் வைத்து, ஒரு வசனம் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, கண்ணை மூடித் திறந்து அடுத்த வசனம் சொல்லிப் பழகினேன். கண்ணாடியில் பார்க்க எனக்கே என்மேல் பக்தி வந்தது.

பேச வேண்டியது இணையத்தில் என்பதால், மிச்சப் பிரச்சினை சிக்னல். வீட்டில் அது வராது. கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின்மேல் ஏறி நின்றால் வரும். ஆனால் அங்கே வீசும் சோளகக் காற்றில் நான் பேசுவது எனக்கே கேட்காது. கடைசியில் பங்குத்தந்தையிடம் போய் நின்றேன். அப்போது பூசைக்குச் சனம் கூடக் கூடாது என்பதால், அவர் கோயிலை ஒட்டிய அறையில் ஒரு கணினி வைத்திருந்தார். ஆயர் இணையத்தில் வைக்கும் பூசையை அதில் எடுத்து, மணிக்கூண்டு ஒலிபெருக்கியில் ஊருக்குப் போடுவார். சத்தம் கேட்டதும் வீட்டுக்கு வீடு மெழுகுதிரி கொளுத்தி, வாசலில் முழங்காலில் இருந்துவிடுவார்கள். தமிழ்ப் பூசையோ, இங்கிலீஷ் பூசையோ, எங்கள் சனத்துக்கு முழங்கால் ஒன்றுதான்.

"ஓம், வந்து செய்யும் தம்பி. வயர்களை மட்டும் தொடாதையும்" என்றார் ஃபாதர்.

நான் தொடவில்லை. அதுதான் பிழை. மைக்கும் ஹெட்போனும் மாட்டியிருந்த பெட்டியிலிருந்து இன்னொரு வயரும் மேசைக்குக் கீழே போனது. கருந்துளைக்குள் போனது எங்கே போகிறது என்று உலகத்துக்குச் சொல்ல வந்தவன், அந்த வயர் எங்கே போகிறது என்று குனிந்து பார்க்கவில்லை.

அது போனது அடுத்த அறைக்கு. அங்கே கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சங்கிலித்தாம் சந்தியோகு அண்ணை இருந்தார். கணினியில் சத்தம் வந்தால் ஒலிபெருக்கி சுவிட்சைப் போட வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. ஃபாதர் என் விசயத்தை அவரிடம் சொல்ல மறந்து, மன்னார் ரவுணுக்குப் போயிருந்தார். நான் தொடங்கினேன். அவர் போட்டார்.

என் இங்கிலீஷ், கர்த்தருடைய நாளுக்குரிய நிதானத்தோடு கடல்வரை போனது. ஹெட்போனுக்கு வெளியே, தூரத்தில் யாரோ என்னைப் போலவே பேசுவது கேட்டது. பதற்றத்தில் காது இரைகிறது என்று நினைத்து இன்னும் ஆறுதலாகப் பேசினேன்.

பேச்சு முடிந்தது. பேராசிரியரும் இங்கிலீஷிலேயே கேட்டார், "சரி, அப்ப அந்தத் தகவல் கடைசியில் எங்கே இருக்கிறது?"

"ஐ டோன்ட் நோ, சேர்."

"கட்டுரைக்காரர் ஏன் அப்படி நினைக்கிறார்?"

"ஐ டோன்ட் நோ, சேர்."

அடுத்த அறையிலிருந்து கணீரென்று ஒரு குரல்: "ஆமென்!"

"யார் அது?" என்றார் பேராசிரியர்.

"கூட வேலை செய்யிறவர், சேர்."

"உம்மோட உடன்படுகிறாரோ?"

"ஓம், சேர்."

பேராசிரியர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். ஊரும் கேட்டது. பிறகு அவர், நான் சொன்ன பதில்தான் இப்போதைக்குப் பலரிடமும் இருக்கிறது, ஆனால் அவர்கள் அதைக் கணக்கோடு சொல்வார்கள் என்று சொல்லி, மட்டுமட்டாகப் பாஸ் போட்டார்.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். ஒழுங்கை நெடுக மெழுகுதிரி எரிந்தது. சனம் முழங்காலைத் தடவிக்கொண்டு எழும்பியது. சந்தியோகு அண்ணை மட்டும் உருகிப்போய் நின்றார். "பாசை விளங்கேல்லைத் தம்பி. ஆனால் கடைசியில நீர் பாவமன்னிப்புக் கேட்ட இடத்தில எனக்குக் கண் கலங்கிப்போச்சு."

வெட்கத்தில் தலையைக் குனிந்தபடி வீட்டுக்குப் போனேன். அம்மா இன்னும் வாசலில் முழங்காலில்தான் இருந்தார்.

"அம்மா, அது பூசை இல்லை. நான்தான் பேசினனான்."

"தெரியுமடா. முதல் சொல்லிலயே உன்ர குரல் எண்டு தெரியும்."

"பிறகேன் எழும்பேல்லை?"

"எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷே அந்த 'ஐ டோன்ட் நோ' மட்டுந்தான். அதையே நீ திரும்பத் திரும்பச் சொன்னால் நான் எப்பிடியடா எழும்புறது?"

பாஸ் என்று சொன்ன பிறகுதான் என் தோளைப் பிடித்து எழும்பினார். ஊரடங்கு எடுத்ததும் மடுவுக்கு நடந்தோம். நேர்த்தி அவருடையது, ஆனால் என்னையும் விடவில்லை. வழியெல்லாம் அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

இப்போது நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் எதையாவது விளங்கப்படுத்தத் தொண்டையைச் செருமினால் போதும், என் மனைவி அம்மாவைப் பார்ப்பாள்.

"மாமி, கதிரையில இருந்தால் காணுமோ, முழங்காலில இருக்க வேணுமோ?"

அம்மா சோற்றிலிருந்து நிமிரவே மாட்டார். "பொறு பிள்ளை. முதல் அவனுக்குத் தெரியுமோ எண்டு கேள். தெரியாதெண்டால் முழங்காலில இருப்பம்."