நடு ஏரியில் அறுந்த கோடு

இனிமேல் என் கையாலேயே ஒரு மீனாவது பிடித்துவிடுவது. ஒன்றே ஒன்று. அதுவும் உயிரோடு!

இந்தத் தீர்மானத்தை ஒரு திங்கட்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே எடுத்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் யார் காதிலும் விழவில்லை. விழுந்திருந்தால் என் மனைவி உடனே கேட்டிருப்பாள், “அப்போ இத்தனை நாளா பிடிச்சது?”

அந்த ரகசியத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வெளியே விட்டுவிடாதீர்கள்.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். வாரத்தில் ஆறு நாள் ஊரார் கண்ணுக்காகக் குனிந்த தலை நிமிராமல் வேலை. ஏழாம் நாள் எனக்கென்று ஒரு கயாக் வாங்கினேன். ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற சின்னப் படகு. வாங்கின அன்றைக்கே, “இனிமே ஞாயித்துக்கிழமை மீன் என் பொறுப்பு!” என்று மார்தட்டிவிட்டேன். கூடவே ஒரு சட்டமும் போட்டேன்.

“பிடிச்சவங்க கழுவக்கூடாதும்மா. மீன்பிடி உலகத்துல இது சட்டம்.”

“எந்த உலகத்துல?”

“உலகம் பூராவும்.”

“சரிங்க,” என்றாள்.

முதல் ஞாயிறு ஒரு மீனும் சிக்கவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வெட்கமாக இருந்தது. ஏரியின் அக்கரையில் ஒரு மீன்கடை. படகை அங்கே விட்டேன், மூன்று மீன் வாங்கினேன். வரும் வழியில் செவுளுக்குள் ஒட்டியிருந்த ஐஸை ஏரித் தண்ணீரில் அலசிவிட்டேன். அன்று தொடங்கியதுதான். பதினொரு ஞாயிறு ஆகிவிட்டது.

ஒருமுறை மட்டும் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, மீன் ஏன் இவ்ளோ ஜில்லுனு இருக்கு?”

“ஆழத்துல தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்கும்மா.”

“சரிங்க.”

அவ்வளவுதான். தலைமுடியெல்லாம் செதில் ஒட்ட உட்கார்ந்து கழுவுவாள். வறுத்து, நடுத்துண்டாகப் பார்த்து என் தட்டில் வைப்பாள். “பிடிச்சவரு நல்லாச் சாப்பிடணும்,” என்பாள். அந்தத் துண்டை நைசாக அவள் தட்டுக்கே தள்ளிவிடுவேன். உண்மையைச் சொல்லத் தைரியமில்லை. உண்மையிலேயே ஒரு மீனைப் பிடித்துவிட்டால் பழைய கணக்கெல்லாம் தானே அழிந்துவிடும் என்று பட்டது. அதற்குத்தான் அந்தத் தீர்மானம். மீன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்று இருக்கிறதாமே, அதை வாங்குவது!

மூன்று நாள் எனக்குத் தூக்கமில்லை. கடைக்கு வந்தவர்களிடம் எழுத்துப் பலகையைக் காட்டி, “கீழே மீன் தெரியுதா?” என்று கேட்டுவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் மனைவி என்னைவிடக் குதித்தாள்.

“நானும் வரேங்க! நாம ரெண்டு பேரும் சேர்ந்து பாத்து வாங்கலாம்!”

அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

மீன்பிடிச் சாமான் கடைக்காரர் மூன்று வகை எடுத்துப்போட்டார். முதலாவது ஒரு பந்து. அதைத் தூண்டிலில் கட்டி வீசினால் கைபேசியில் படம் வருமாம். இரண்டு கைபேசிகளை ஏற்கெனவே ஏரிக்குத் தாரை வார்த்தவன் நான். வேண்டாம் என்றேன். இரண்டாவது உள்ளங்கையளவு திரை. ஆழம் காட்டும், மீன் காட்டும், வாயை மூடிக்கொண்டிருக்கும். பார்த்ததுமே பிடித்துவிட்டது. மூன்றாவது ஐந்து அங்குல வண்ணத் திரை, ஜிபிஎஸ்ஸோடு.

“ஜிபிஎஸ் எதுக்கும்மா? சின்னது போதும்.”

“வழி தப்பிட்டா?”

“ஏரியில எப்படிம்மா வழி தப்பும்? எந்தப் பக்கம் போனாலும் கரைதான் வரும்.”

“வேற கரைக்குப் போயிட்டா?”

எனக்குப் புரை ஏறியது. கடைக்காரர் தண்ணீர் கொடுத்துவிட்டு உற்சாகமாகத் தொடர்ந்தார்.

“அக்கா கேக்குறது கரெக்ட்டு சார். இதுல நீங்க போற பாதை அப்படியே கோடா பதிஞ்சிடும். எங்க நின்னீங்க, எத்தனை நிமிஷம் நின்னீங்க, எல்லாம் வீட்டுக்கு வந்து பாத்துக்கலாம்.”

“யாரு பாக்கலாம்?”

“யாரு வேணும்னாலும் பாக்கலாம் சார்!”

“பேட்டரி கனமா இருக்குமே,” என்று இழுத்தேன்.

“உங்க சாப்பாட்டு டப்பாவைவிடக் கம்மிதான்,” என்றாள் மனைவி, அதைக் கையில் தூக்கிப் பார்த்து.

“திரை பெருசா இருந்தா மீன் பயந்துடும்மா.”

“மீனுக்கு எதுக்குங்க திரையைக் காட்டுறீங்க? நீங்க பாருங்க.”

கடைக்காரர் பெரியதைப் பெட்டியில் போட்டுக் கட்டியே விட்டார்.

என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் எறும்பெழுத்துக் காகிதத்தைக்கூடக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் மறுவேலை. கருவியோடு வந்த தடிப் புத்தகத்தை இரண்டே நாளில் முடித்துவிட்டாள். படகின் அடியில் மாட்டுகிற உணரியைக் குளியலறை வாளியில் விட்டுச் சோதித்தோம். வாளியில் மீன் இல்லை என்று கருவி சரியாகச் சொன்னது. இருவரும் கைதட்டினோம்.

ஞாயிறு வந்தது. விடிந்தும் விடியாததுமாக ஏரியில் இறங்கினேன். திரையைப் போட்டதும், அடடா! படகுக்கு அடியில் ஒரு வளைவு. பக்கத்தில் இன்னொன்று. தள்ளி நாலைந்து. வளைவு ஒவ்வொன்றும் ஒரு மீன்! பதினொரு வாரமாக இவ்வளவு மீன்மேலா உட்கார்ந்திருந்தேன்? அவசர அவசரமாக இரையை மாட்டித் தூண்டிலை இறக்கினேன்.

மீன்கள் வந்தன, பார்த்தன, போய்விட்டன. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். மீன் எங்கே இருக்கிறது என்று கருவி சொல்கிறது. அதற்குப் பசிக்கிறதா என்று சொல்வதில்லை. இதைப் பெட்டியின்மேல் போட்டிருக்கலாம்.

வேறு வழியில்லை. ஆனால் நானும் லேசுப்பட்டவன் இல்லை. நடு ஏரிக்கு வந்ததும் கருவியை அணைத்தேன். இருந்த இடம் தெரியாமல் அக்கரைக்குப் போனேன்.

“என்ன சார், இன்னிக்கு இவ்ளோ லேட்டு? உங்களுக்குன்னே மூணு எடுத்து வச்சிருக்கேன்,” என்றார் மீன்கடை அம்மா.

வாங்கினேன், திரும்பினேன், ஐஸை அலசினேன். நடு ஏரியில் அதே இடத்துக்கு வந்து கருவியை மறுபடி போட்டேன். என் மூளையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மீனை அவள் பார்க்கவில்லை. கருவியைத்தான் வாங்கிப் பார்த்தாள்.

“ஏங்க, நடு ஏரியில கோடு அறுந்திருக்கே? அம்பத்திரண்டு நிமிஷம்?”

“அதுவா! அங்கதான்மா மீனுங்க கும்பலா நின்னுச்சு. இது பீப் பீப்புன்னு கத்தினா ஓடிடும்ல? அணைச்சிட்டேன். மூச்சைக்கூட விடலியே நான்!”

“அம்பத்திரண்டு நிமிஷமா?”

“அப்பப்போ விட்டேன்.”

“மூணும் அங்கயேதான் பிடிச்சீங்களா?”

“மூணும் அங்கயேதான்.”

“சரிங்க,” என்றாள். திரையில் அந்த இடத்தில் ஒரு சின்னக் கொடியை நட்டாள். “அடுத்த வாரம் நான் போறேன்.”

“நீயா? படகுல ஒரு சீட்டுதான்மா இருக்கு.”

“அதான் நீங்க வரவேண்டாம்கறேன்.”

“தண்ணி ஆழம்மா!”

“எனக்கு நீச்சல் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?”

மிதவைச் சட்டையின் மூன்று வாரையும் இறுக்கிக்கொண்டுதான் நான் படகிலேயே கால் வைப்பேன். பேச்சை மாற்றினேன்.

“மீன் கிடைக்கலன்னா மனசு ஒடிஞ்சி போயிடுவியே?”

“எப்படிங்க கிடைக்காம போகும்? நீங்க பிடிச்ச இடம்தானே?”

தலையை ஆட்டிவைத்தேன்.

ஆனால் அந்த வாரம் முழுக்க நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். யோசித்துப் பாருங்கள். அவள் வெறுங்கையோடு வருவாள். கண் கலங்குவாள். நான் தோளைத் தட்டிக்கொடுத்து, “இது என்ன சும்மாவாம்மா? அனுபவம் வேணும்,” என்பேன். கண்ணாடி முன்னால் நின்று இந்த வசனத்தை நாலு தரம் சொல்லிப் பார்த்தேன். நாலாவது தரம் எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு ஏரியிலிருந்து வந்தாள். தலை கலையவில்லை, கண்ணும் கலங்கவில்லை. கையில் நாலு மீன்! அதில் ஒன்று என் முழங்கை நீளம்.

“அதே இடத்துலதாங்க! கொடி நட்டோமே, அங்கயேதான்! என்ன மீனு, என்ன மீனு!”

அந்த இடத்தில் நான் கருவியை அணைத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லையே. அங்கே எப்படி? கருவியைப் பிடுங்கிப் பார்த்தேன். கரையிலிருந்து ஒரு கோடு நேராகக் கொடி வரைக்கும் போயிருந்தது. அங்கே அறுந்திருந்தது. நாற்பது நிமிடம் கழித்து அங்கேயே மறுபடி தொடங்கியிருந்தது.

“நானும் அணைச்சிட்டேங்க. பீப் பீப்புன்னு கத்தினா மீன் ஓடிடும்ல?”

சொல்லிக்கொண்டே கத்தியையும் தட்டையும் என் முன்னால் வைத்தாள்.

“என்னம்மா இது?”

“பிடிச்சவங்க கழுவக்கூடாது. உலகம் பூராவும் சட்டமாமே?”

உட்கார்ந்தேன். பெரிய மீனை எடுத்தேன். உள்ளங்கை விறைத்தது. செவுளைத் தூக்கி விரலை விட்டேன். உள்ளே மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு ஐஸ் துண்டு.

மெல்லத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தேன். அவள் நாற்காலியில் சாய்ந்து, கால் மேல் கால் போட்டு, அந்தத் தடிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

“ஆழத்துல தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்குங்க.”

“சரிம்மா,” என்றேன்.