தராசு தங்கிய அறை

"அஞ்சாவது தடவையும் நீ இந்த இரும்பு நாற்காலியில உட்காரக் கூடாது. எந்திரி!" என்றார் தராசு.

"எனக்குப் பழகிப்போச்சுங்க. நீங்களும் பேசாம உட்காருங்க" என்றாள் மனைவி.

அவர் உட்காரவில்லை. காலை எட்டு மணிக்கு ஒரு விமானம் அவர்களை இங்கே இறக்கிவிட்டிருந்தது. மகள் இருக்கும் ஊருக்கு அடுத்த விமானம் மாலை ஆறரைக்கு. பெட்டிகள் நேராக அங்கேயே போய்விடும். கையில் ஒரே ஒரு பை.

தராசு என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். கடை கடையாகப் போய் எடைக்கருவிகளைச் சோதித்து முத்திரை வைக்கும் அதிகாரி அவர். இருபத்தேழு வருடத்தில் ஒரு கிராம் கூடவும் விட்டதில்லை, குறையவும் விட்டதில்லை. வீட்டுக்கு வாங்கும் சோப்பைக்கூட உறையைப் பிரித்து எடை போட்ட பிறகுதான் தேய்த்துக் குளிப்பார்.

அவருக்கு லீவு கிடைக்காததால் மனைவி நாலு தடவை தனியாகவே மகளைப் பார்க்கப் போய் வந்திருந்தாள். வீட்டில் கணக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த சொந்தப் பணத்தில்தான் போனாள். நாலு தடவையும் இதே இடத்தில் விமானம் மாற வேண்டும். நாலு தடவையும் சோதனை. முதல் தடவை பனிமூட்டம். அடுத்து இன்ஜின் கோளாறு. அப்புறம் வேலைநிறுத்தம். போன வருடம் பறவை மோதிவிட்டதாம். நாள் கணக்கில் நாற்காலியிலேயே கிடந்ததாக அவள் போனில் சொல்லச் சொல்ல, அவருக்கு அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாடு இறங்காது.

"நாலு தடவை உன் முதுகு பட்ட பாடு போதும்" என்றார் இப்போது. "அதோ, கண்ணாடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டல் இருக்கு. பகலுக்கு மட்டும்கூட ரூம் தருவாங்களாம். போர்டுல போட்டிருக்கான்."

அவள் முகம் வெளுத்தது. "அங்கயா? வேண்டாங்க! அது கொள்ளை விலை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தாலே தெரியுதே. கட்டடத்தைப் பாருங்க."

"உனக்குச் செலவு பண்ணாம நான் யாருக்குப் பண்ணப்போறேன்?" என்று சொல்லிவிட்டுத் தராசு பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவள் சால்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால் வந்தாள்.

ஓட்டலின் கூடத்தில் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூரை எங்கோ உயரத்தில் இருந்தது. அவ்வளவு பெரிய இடத்தில் ஒருத்தர்கூடச் சத்தமாகப் பேசவில்லை. தரை பளபளத்த பளபளப்பில் தன் உருவத்தையே மிதித்துவிடுவோமோ என்று தயங்கித் தயங்கி நடந்தார். மனைவி ஏ.சி. குளிர் தாங்கவில்லை என்று ஒரு பெரிய பூந்தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வரவேற்பில் இருந்த பெண் ஒரு சீட்டில் வாடகையை எழுதி நீட்டினாள். அவர் அதை ஓட்டலின் போன் நம்பர் என்று நினைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"சார், அதுதான் வாடகை."

எடுத்து இன்னொரு தடவை பார்த்தார். "இதுக்கு என்னென்ன தருவீங்க?"

"எல்லாமே சார். மதியச் சாப்பாடு, நீச்சல்குளம், நீராவிக் குளியல், துணி அயர்ன், ஷூ பாலிஷ், கடைசியா விமானத்துக்குக் கொண்டுபோய் விட வண்டி. எதுக்கும் தனியாகக் காசு கிடையாது."

தராசு கண்ணை மூடினார். ஒரு தட்டில் அந்த வாடகை. மறு தட்டில் சாப்பாடு, குளம், நீராவி, அயர்ன், பாலிஷ், வண்டி. ஒன்றைக்கூட விடாமல் அனுபவித்தால் முள் நடுவில் நிற்கும் என்று பட்டது. பணத்தைக் கட்டிவிட்டார்.

இரண்டாவது மாடி அறைக்குள் போனால் ஒரே இருட்டு. சுவர் முழுக்கத் தடவியும் சுவிட்ச் அகப்படவில்லை. மனைவி அவர் கையிலிருந்த அட்டைச் சாவியை வாங்கிக் கதவோரம் இருந்த ஒரு பொந்தில் சொருகினாள். விளக்குகள் எரிந்தன, ஜன்னல் திரைகள் தாமாகவே விலகின.

"அடேயப்பா! உனக்கு எப்படி இதெல்லாம்?"

"டிவில பார்த்திருக்கேன்."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஓடுபாதை. ஒரு விமானம் வானத்திலிருந்து மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. இரைச்சல் துளிகூட இல்லை. அவ்வளவு கனமான ஒன்று இவ்வளவு லேசாக வந்து உட்காருவதை அவர் தன் ஆயுளில் பார்த்ததில்லை. எடை என்பதைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாதோ என்று முதன்முறையாகச் சந்தேகம் வந்தது.

"வாயை மூடுங்க, ஈ போயிடப்போகுது" என்றாள் மனைவி.

அதன் பிறகு குளியலறைக்குப் போனவர் அங்கே தரையில் ஓர் எடை மெஷினைப் பார்த்தார். தினமும் காலையில் அலுவலகத்துத் தராசில் ஏறி இறங்குகிறவர் அவர். அவருடைய எடை எழுபத்தொரு கிலோ நானூறு கிராம். இதில் ஏறினார். எழுபத்தாறு காட்டியது.

ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினார். சட்டையைக் கழற்றினார். பேன்ட்டையும் கழற்றினார். அப்போதும் ஒண்ணரைக் கிலோ அதிகம்.

"பொய் சொல்லுது!" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தார்.

"என்னங்க இது கோலம்!"

கழற்றியதுதான் கழற்றினோம் என்று துணியை அயர்னுக்கும் ஷூவைப் பாலிஷுக்கும் கொடுத்து அனுப்பினார். அங்கே தொங்கிய வெள்ளைத் துவாலை அங்கியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார்.

"மெஷின்தானே, விட்டுத் தொலைங்களேன்" என்று மனைவி கெஞ்சினாள்.

"இவ்வளவு வாடகை வாங்கிட்டு ஒண்ணரைக் கிலோ ஏமாத்தறானே!"

வேறு மெஷின் கொண்டுவந்தார்கள். அது இரண்டு கிலோ குறைத்துக் காட்டியது. மூன்றாவதுக்கு ஓட்டல் மேலாளரே ஓடி வந்தார். மனைவி சட்டென்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தராசு அங்கியின் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எடைக்கருவியின் வில் தளர்வது பற்றிக் கால்மணி நேரம் விளக்கினார். மேலாளர் கைகட்டிக் கேட்டார்.

"உங்களுக்கு மனக்கஷ்டம் தந்துட்டோம் சார். ஆறாவது மாடியில எங்க பெரிய ரூம் காலியா இருக்கு. அதே வாடகைதான். தயவுசெஞ்சு அங்க மாறிக்குங்க."

ஆறாவது மாடி அறையைத் தராசு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அதைத் தனி வீடு என்றே சொல்லலாம். கட்டிலின் நடுவில் உட்கார்ந்தால் ஓரத்துக்கு வர இரண்டு தடவை நகர வேண்டியிருந்தது. நீராவி அறை அங்கேயே இருந்தது. அதற்குள் அரை மணி நேரம் உட்கார்ந்து வெளியே வந்தபோது, உடம்பிலிருந்து இருபத்தேழு வருட உத்தியோகமும் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது.

"என் துணி எங்கே?" என்று அப்புறம்தான் கேட்டார்.

அங்கேதான் சிக்கல். அயர்ன் ஆன துணியைப் பழைய அறையில் மாட்டியிருக்கிறார்கள். காலி செய்த அறையில் யாரோ துணியை விட்டுப் போய்விட்டார்கள் என்று, கூட்ட வந்தவர்கள் அதை எடுத்து, மறந்துபோன சாமான்களை வைக்கும் அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். சாவி வைத்திருப்பவர் பல் பிடுங்கப் போயிருக்கிறார். ஐந்து மணிக்குத்தான் வருவாராம்.

"மூணு மணியோட சாப்பாட்டுக் கூடத்தை மூடிடுவானே!" என்று பதறினார் தராசு.

"ரூமுக்கே கொண்டுவரச் சொல்லலாங்க."

"அங்கே போனால் நாற்பது வகை. இங்கே வந்தால் ரெண்டு தட்டு. விடுவேனா?"

அங்கியோடு சாப்பாட்டுக் கூடத்துக்குள் விடமாட்டார்கள். கூட்டுகிற பெண்மணி இரக்கப்பட்டு, அவர் அளவுக்கு இருந்த ஒரே உடுப்பைத் தேடிக் கொண்டுவந்தாள். கருநீலக் கோட்டு, இரண்டு வரிசைப் பொன்னிறப் பொத்தான், தோளில் குஞ்சலம், தொப்பி, பளபள ஷூ. வாசலில் நிற்கும் ஆளின் சீருடை. கண்ணாடியில் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு கம்பீரமாக இருந்ததில்லை.

"நீயும் வாயேன்."

"எனக்குப் பசியில்லை. நீங்க போங்க" என்று மனைவி போர்வைக்குள் புகுந்துகொண்டாள். பாவம், பெரிய இடம் என்றால் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தபடி அவர் லிப்ட்டில் இறங்கினார்.

சாப்பாட்டுக் கூடத்தின் தலைமைப் பரிமாறுபவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வாசல்ல நிக்கிற ஆளுக்கு இங்கே என்ன வேலை?"

"நான் இங்கே தங்கியிருக்கேன்."

"எல்லாரும்தான் தங்கியிருக்கோம், பின்னாடி குவார்ட்டர்ஸ்ல. கிளம்பு கிளம்பு!"

அட்டைச் சாவியைக் காட்டலாம் என்று பையில் கை விட்டார். சாவி துவாலை அங்கியில் இருந்தது. போனும் அதில்தான். சாவி இல்லாமல் லிப்ட் மேலே ஏற மறுத்தது. வரவேற்பில் சொல்லலாம் என்று போனால், ரத்தான ஒரு விமானத்திலிருந்து ஐம்பது பேர் ஒரே நேரத்தில் வந்து மொய்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெரியவர் தன் பெட்டியைத் தராசுவின் கையில் திணித்தார்.

"கொஞ்சம் பிடிப்பா."

கை தானாகவே எடை பார்த்தது. "இருபத்துமூணு கிலோ எழுநூறு" என்றார் தராசு. "விமானத்துல இருபத்துமூணுக்கு மேல விடமாட்டாங்க, எழுநூறு கிராமுக்குத் தண்டம் போடுவாங்க. ஒரு ஜோடிச் செருப்பை எடுத்துக் கைப்பையில வைங்க."

பெரியவர் அசந்துபோனார். விமான நிறுவனம் கொடுத்த எடைச் சீட்டை எடுத்துப் பார்த்தார். அச்சுப் பிசகாமல் அதேதான். "எப்படிப்பா?"

அவ்வளவுதான். ஒரு அம்மா தன் பெட்டியை நீட்டினாள். "பத்தொன்பது இருநூறு. இன்னும் மூணு கிலோ எண்ணூறு வாங்கலாம்." அடுத்து ஒரு குடும்பம். அப்புறம் வரிசையே நின்றுவிட்டது. தூக்கினார், சொன்னார், கைதட்டினார்கள். கடைக்காரர்கள் இருபத்தேழு வருடமாக அவரைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்ததுதான் உண்டு. ஒருத்தர்கூடக் கை தட்டியதில்லை. சாப்பாடு மறந்தது. நாற்பது வகையும் மறந்தது. யாரோ அவர் பையில் ஒரு நோட்டைச் சொருகிவிட்டுப் போனதுகூடத் தெரியவில்லை.

கூட்டம் கரைந்தபோது மணி ஐந்து. தராசு தூணில் சாய்ந்து அந்த உயரமான கூரையைப் பார்த்தார். குளத்தில் இறங்கவில்லை, ஒரு வாய்ச் சாப்பாடு இல்லை. ஆனாலும் மறு தட்டுதான் தாழ்ந்து நின்றது. இந்த இடத்துக்கு இந்த வாடகை குறைச்சல் என்று முடிவு செய்தார். நாலு வருடம் அவளை அந்த இரும்பு நாற்காலியில் கிடக்கவிட்டோமே என்று நெஞ்சு கனத்தது.

மாலை முறைக்கு வந்த பெட்டி தூக்குபவர் சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார். நரைத்த மீசை, சிரித்த முகம்.

"புதுசா சேர்ந்திருக்கீங்களா அண்ணே? முதல் நாளே கலக்கிட்டீங்களாமே!"

தராசு பதில் சொல்வதற்குள் லிப்ட் திறந்தது. மனைவி வெளியே வந்தாள். ஒரு கையில் பை, மறு கையில் அயர்ன் செய்த அவருடைய துணி. சால்வை தோளுக்கு இறங்கியிருந்தது. பெட்டி தூக்குபவர் விறைப்பாக நிமிர்ந்து ஒரு சல்யூட் வைத்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் வேகமாக வாசலை நோக்கி நடந்தாள்.

"அவங்களைத் தெரியுமா?" என்றார் தராசு.

"அந்த மேடத்தையா? என்ன அண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க! நம்ம ஆறாவது மாடி ரூம்ல வருஷா வருஷம் முழுசா மூணு நாள் தங்குவாங்க. இந்தத் தடவைதான் பாவம், தொந்தரவா யாரோ கூட வந்துட்டாங்களாம், ஒரே பகலோட கிளம்பறாங்க!"