வரும் உத்தேசமும் இல்லை

இருபது வயதுக்கும் முப்பதுக்கும் இடையில் மனித உடம்புக்கு எந்த நோயும் வராது. இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தது மருத்துவ உலகம் அல்ல. காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில், பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்ட பவானி. வயது இருபத்திரண்டு. ஆதாரம்: அவளுக்கு இதுவரை வந்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மேதைக்கு 2007-இல் சிதம்பரத்தில் வேலை கிடைத்தது, மருத்துவக் காப்பீட்டு ஏஜெண்ட் தட்சிணாமூர்த்தியிடம். டவுன் பஸ்ஸில் அவர் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்து, "எப்ப வேணா என்ன வேணா வரலாம் சார்" என்று போனில் ஊரைப் பயமுறுத்துவது அவளுடைய "பொறுப்பு". நேரில் ஆள் வந்தால் வாய் திறக்காது. போனில் மட்டும் எமனுக்குத் தங்கை.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் சொல்றியே, நீ எடுத்தியா?" என்றார் தட்சிணாமூர்த்தி.

"எனக்கு எதுக்கு சார், நான் நல்லாத்தான இருக்கேன்?"

ஆனால் மார்ச் மாத "இலக்கு" ஒரே ஒரு பாலிசியில் நொண்டியது. அவரே பணத்தைக் கட்டிப் பவானி பேரில் ஒன்று போட்டுவிட்டார்.

அது தபாலில் வந்த நாள், பெண் பார்க்கும் நாள். மாப்பிள்ளை இளவரசு, ரைஸ் மில் சூப்பர்வைசர். கதவிடுக்கில் பார்த்ததிலேயே பவானிக்குப் பிடித்துவிட்டது. தபால்காரர் உறையை, வாசலில் நின்ற மாப்பிள்ளையின் அத்தை மங்கலத்தின் கையில் கொடுத்தார்.

"மருத்துவக் காப்பீடா? பொண்ணுக்கு என்னா நோவு?"

"நோவெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி." பவானியின் அம்மா மாரியம்மாள் காபித் தட்டை நீட்டினாள்.

"நோவு இல்லாதவங்க எதுக்கு ஆஸ்பத்திரிக்கு இப்பவே பணம் கட்டுறாங்க? எங்க வீட்ல ஒருத்தர்கிட்டயும் இது கெடையாது."

தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. நல்லவேளை, பதினைந்து நாளுக்குள் பாலிசியைத் திருப்பித் தரலாம் என்று அதிலேயே போட்டிருந்தது. பவானி அங்கேயே உட்கார்ந்து முத்து முத்தாக எழுதினாள்: "எனக்கு எந்த நோயும் இல்லை, வரும் உத்தேசமும் இல்லை. ஆகவே பாலிசியை ரத்து செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்." மங்கலம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். வைகாசியில் கல்யாணம் என்று வெற்றிலை பாக்கு மாற்றினார்கள்.

கிளம்பும்போது கொட்டகையில் கறவை மாடு லட்சுமி மங்கலத்தின் கண்ணில் பட்டது. காதில் காப்பீட்டுக்கான மஞ்சள் வில்லை. காப்பீடு இல்லாமல் மாட்டு லோன் இல்லை என்று சொல்லி பேங்க் போட்டுவிட்டது.

"மாட்டுக்கு இன்சூரன்சு போட்ருக்கீங்க. வெவரமான குடும்பந்தான்" என்று மெச்சிவிட்டுப் போனாள் மங்கலம்.

சித்திரையில் பவானிக்கு வயிறு வலித்தது. தன் கண்டுபிடிப்பை அவள் கைவிடவில்லை, ஓமத்தண்ணீர் குடித்தாள். குடல்வாலுக்கு அந்தக் கண்டுபிடிப்பு தெரியாது. வெடித்துவிட்டது. கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"இன்சூரன்ஸ் இருக்கா?" என்றாள் கவுண்டர் பெண்.

"இருக்குதும்மா" என்றாள் மாரியம்மாள்.

"யார் பேர்ல?"

"லட்சுமி பேர்ல."

"பேஷண்ட் பேரு பவானின்னு குடுத்திருக்கீங்க."

"லட்சுமி எங்க மாடும்மா."

கல்யாணத்துக்குச் சேர்த்த நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போயின. பவானியின் காதில் கிடந்த கம்மலும் கூடவே போயிற்று. உயிர் மட்டும் வீடு திரும்பியது.

ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தாள் மங்கலம்.

"காதுல ஏன் ஒண்ணுமில்ல?"

மாரியம்மாள் சொன்னாள். மங்கலம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்சூரன்சு ஆபீஸ்லயே வேலை பாக்குது. தனக்குன்னு ஒண்ணு எடுத்து வெக்கத் தெரியல. இந்தப் பொண்ணு நாளைக்குக் குடும்பத்த எப்பிடிக் காப்பாத்தும்?"

பாட்டிலை வைத்துவிட்டு, சம்பந்தத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பவானி தையல் போட்ட வயிற்றைப் பிடித்தபடி கொட்டகைக்குப் போனாள். லட்சுமி தலையை ஆட்ட, மஞ்சள் வில்லை மினுங்கியது. அந்த வீட்டில் காதில் ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது அதற்கு மட்டும்தான். இன்சூரன்ஸ் வேணுமா என்று கேட்டிருந்தால் அதுவும், "எனக்கு எதுக்கு, நான் நல்லாத்தான இருக்கேன்" என்றுதான் சொல்லியிருக்கும்.

நல்லவேளை, மாட்டை யாரும் கேட்கவில்லை.